பி2ஒய்12 ஏற்பி

ரத்தத் தட்டணுக்களின் மேற்பரப்பில் உள்ள பியூரின் ஏற்பி. ரத்தக்குழாயில் காயம் பட்டால், சிதைந்த செல்களிலிருந்தும் தட்டணுக்களிலிருந்தும் வெளிவரும் ஏடிபி (அடினோசின் டைபாஸ்பேட்) மூலக்கூறு இதில் வந்து ஒட்டும். அதனால் தட்டணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்து காயத்தை அடைக்கும். இதயத் தமனிக்குள் அதே அடைப்பு ஏற்பட்டால் மாரடைப்பு. ஏடிபி போன்ற பியூரின்கள் நரம்புச் செய்தியைக் கடத்துகின்றன என்று ஆய்வாளர் ஜெஃப்ரி பர்ன்ஸ்டாக் 1972இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்பியின் மரபணு 2001இல் அடையாளம் காணப்படும் முன்பே, இதை முடக்கும் குளோபிடோக்ரெல் மாத்திரை புழக்கத்துக்கு வந்துவிட்டது. அது கல்லீரலில் உருமாறிய பிறகே வேலை செய்யும்; அதற்கு உதவும் சிஒய்பி2சி19 நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், ஆகவே பலனும் குறைவு. இதே ஏற்பியை முடக்கும் டிக்காகிரெலர் மருந்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. ஆனால் சிலருக்கு மூச்சுத்திணறல் தரும். ஸ்டென்ட் (தமனியைத் திறந்து வைக்கும் வலைக்குழாய்) வைத்துக்கொண்டவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இம்மருந்துகளை நிறுத்தக் கூடாது.