படைத்தளவாடக் கொள்முதல் பதிவுகள் (தமிழகம்)

படைக்கு வேண்டிய ஊர்தி, ஆயுதம், உதிரிப்பாகம், உடை முதலியவற்றை விலை பேசி வாங்கிக் கணக்கில் ஏற்றும் முறையும் அதற்கான ஆவணங்களும். இப்பதிவுகள் 21ஆம் நூற்றாண்டில் கணினிக்கு மாறின.

தொடக்ககாலம்: காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்க அலுவலர் சரக்குகளில் புலிச்சின்னம் பொறித்ததையும் கடல்வழியாகக் குதிரைகள் வந்ததையும் பட்டினப்பாலை கூறுகிறது. அக்குதிரைகள் சோழ மன்னன் கரிகாலன் படைக்கென வந்தவையா, விற்பனைக்கு வந்தவையா என்பதில் உறுதியில்லை.

பாண்டியர் காலம்: சோழநாடு பாண்டியர் வசமான 13ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் விரிவான செய்திகள் கிடைக்கின்றன. கீஷ் தீவின் வணிகர் தலைவர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப ஒப்பந்தம் இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வசாப் எழுதுகிறார். குதிரை ஒன்றுக்கு 220 செம்பொன் தினார். வழியில் அது இறந்துபோனாலும் முழு விலையைக் கருவூலமே தரவேண்டும். பாண்டிய நாட்டை ஆண்ட மன்னர் ஐவரும் தலைக்கு 2,000க்கு மேல் வாங்கியும் ஆண்டு முடிவில் நூறு குதிரைகூட மிஞ்சவில்லை என்கிறார் மார்க்கோ போலோ. குதிரைகளுக்குச் சோற்றோடு இறைச்சியும் கலந்து கொடுத்தார்களாம். லாடம் அடிப்போர் இங்கு வந்துவிடாமல் வணிகர்களே பார்த்துக்கொண்டார்களாம். வசாப், போலோ இருவரும் தரும் எண்ணிக்கை ஒத்துப்போவதில்லை. மிகை என்பாரும் உளர். ஆயினும் விலையும் எண்ணிக்கையும் பேசப்பட்ட அளவுக்கு, வாங்கிய குதிரை ஏன் மடிந்தது என்பது ஆராயப்பட்டதாகத் தெரியவில்லை.

பிற்காலம்: ஆங்கிலேயர் ஆட்சியில் 1922இல் இந்தியப் பண்டகத் துறை அமைந்தது. அதன் வழிவந்த மத்தியக் கொள்முதல் இயக்ககம் 2017 அக்டோபர் 31இல் மூடப்பட்டது. திருச்சிராப்பள்ளி துப்பாக்கித் தொழிற்சாலை 1966இல் தொடங்கப்பட்டது.

கணினிமயம்: 1999 கார்கில் போருக்குப் பிந்தைய சீரமைப்பின் தொடர்ச்சியாக 2002இல் முதல் பாதுகாப்புக் கொள்முதல் நடைமுறை வெளியானது. 2012இல் மத்தியப் பொதுக்கொள்முதல் தளம் வந்தபின் ஒப்பந்தப்புள்ளிகள் இணையவழிக்கு மாறத் தொடங்கின. அரசு மின்சந்தை (ஜெம்) 2016 ஆகஸ்ட் 9இல் தொடங்கியது. 2021–22இல் பாதுகாப்பு அமைச்சகம் அதன்வழி வாங்கியவற்றின் மதிப்பு சுமார் 15,000 கோடி ரூபாய். போர்விமானம், நீர்மூழ்கி போன்றவை அங்கு வாங்கப்படுவதில்லை. அவற்றுக்கான கையகப்படுத்தல் நடைமுறை 2020இல் வெளியானது.

2020 ஆகஸ்டில் தொடங்கிய ஸ்ரீஜன் தளத்தில் இதுவரை இறக்குமதியான பாகங்கள் பட்டியலிடப்படுகின்றன. உள்நாட்டுத் தொழில்முனைவோர் அவற்றைப் பார்த்துச் செய்துதர விருப்பம் தெரிவிக்கலாம். இத்தகைய தளங்கள் காலதாமதத்தை எவ்வளவு குறைத்தன என்பதில் கருத்துகள் வேறுபடுகின்றன. ஒரே திருகாணி இரு கிடங்குகளில் இரு பெயரில் பதிவானால், எவ்வளவு விரைவான கணினியும் அதை இருமுறை வாங்கவே செய்யும். பொருளுக்கு ஒரே குறியெண் என்ற ஒழுங்கே இதைத் தவிர்க்க அடிப்படை.

அண்மைக்காலம்: 2021 அக்டோபர் 1இல், திருச்சிராப்பள்ளி தொழிற்சாலையை நடத்திவந்த ஆயுதத் தொழிற்சாலை வாரியம் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் பெருவழித்தடம் 2019 ஜனவரி 20 அன்று திருச்சிராப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், கோயம்புத்தூர், திருச்சிராப்பள்ளி ஆகியவை அதன் ஐந்து முனையங்கள்.