டிரிபிள் ஆப்ஷன் தடுப்பாட்டம்

டிரிபிள் ஆப்ஷன் தடுப்பாட்டம்: அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், பந்தை எறியாமல் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பும் அணிகளை மடக்கத் தடுப்பணிகள் உருவாக்கிய முறைகள். அணிக்கு 11 பேர். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேறினால் பந்து அதே அணியிடம் நிலைக்கும். முயற்சிக்கு மூன்று கெஜம் தவறாமல் ஓடத் தெரிந்த அணி, எதிரணிக்குப் பந்தையே காட்டாமல் ஆட்டத்தை ஓட்டிவிடலாம். 2018இல் ராணுவக் கல்லூரி அணியான ஆர்மி, ஓக்லஹோமாவுக்கு எதிராக 60 நிமிடத்தில் ஏறக்குறைய 45 நிமிடம் பந்தைத் தன்னிடமே வைத்திருந்தது. தன்னைவிடப் பன்மடங்கு வலுவான அந்த அணியைக் கூடுதல் நேரம்வரை இழுத்த பிறகுதான் 28-21 எனத் தோற்றது.

டிரிபிள் ஆப்ஷன் எனப்படும் இந்தத் தாக்குதலின் வேலைப்பாடு இப்படி. தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வாங்கி, பின்னால் நிற்கும் ஓட்டக்காரரான ஃபுல்பேக்கின் வயிற்றருகே வைப்பார். ஆனால் உடனே கையை எடுக்க மாட்டார். எதிரணியின் முன்வரிசையில் ஒருவரை வேண்டுமென்றே யாரும் மறிக்காமல் விட்டிருப்பார்கள். குவார்ட்டர்பேக்கின் கண் அவர் மீதுதான். அவர் ஃபுல்பேக் மீது பாய்ந்தால் பந்து உருவப்பட்டு வெளிப்பக்கம் போகும். பாயாமல் நின்றால் ஃபுல்பேக் நடுவில் புகுந்துவிடுவார். வெளியே இன்னொருவரும் மறிக்கப்படாமல் நிற்பார். அவர் குவார்ட்டர்பேக்கை நோக்கி வந்தால், கூடவே ஓடிவரும் இன்னொரு ஓட்டக்காரரான ஹாஃப்பேக்குக்குப் பந்து வீசப்படும். அந்த இருவரும் எதைச் செய்தாலும் தப்பாகிவிடும். அவர்களை மறிப்பதில் மிச்சமான ஆட்கள் உள்ளே வேறு இருவரைத் தள்ளப் போய்விடுவதால், தலைக்கணக்கிலும் தடுப்பணிக்குத்தான் குறை.

இதன் வேர் மிசௌரியின் பயிற்சியாளர் டான் ஃபாரட் 1941இல் கொண்டுவந்த ஸ்பிளிட்-டி அமைப்பில் இருக்கிறது. போர்க்காலத்தில் அயோவா கடற்படைப் பயிற்சிப் பள்ளியில் ஃபாரட்டுக்குக் கீழே வேலை பார்த்த பட் வில்கின்சன், பிறகு ஓக்லஹோமாவில் அதே தாக்குதலைக் கொண்டு 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களை வென்றார். ஓட்டத்தை நிறுத்த முன்வரிசையில் ஐவர், பின்னால் இரண்டு லைன்பேக்கர்கள் என்று நிறுத்தும் 5-2 முறையும் அவர் பெயரோடு சேர்ந்ததுதான். இன்றும் அதை ‘ஓக்லஹோமா தடுப்பு’ என்கிறார்கள். தாக்குதலை உள்ளிருந்து பார்த்தவரே அதற்கு மருந்தும் கண்டது இந்த வரலாற்றில் பிறகும் நடக்கிறது.

1960களின் நடுவில் ஹூஸ்டனில் பில் இயோமன், முன்வரிசை ஆளை மறிக்காமல் விடும் ‘வீர்’ ஆட்டத்தை நிலைநிறுத்தினார். 1968இல் டெக்சஸின் உதவிப் பயிற்சியாளர் எமரி பெல்லார்ட் மூன்று ஓட்டக்காரர்களைக் கவட்டை வடிவில் பின்னால் நிறுத்தினார். அதுதான் விஷ்போன். முதல் ஆட்டம் சமன், இரண்டாவது தோல்வி, பிறகு தொடர்ச்சியாக 30 வெற்றி.

அந்த வெற்றித் தொடர் 1971 ஜனவரி 1 அன்று டல்லாஸில், காட்டன் பௌல் ஆட்டத்தில் நின்றது. முந்தைய ஆண்டு அதே மைதானத்தில் டெக்சஸிடம் 21-17 எனத் தோற்றிருந்த நாட்ர டேம் பயிற்சியாளர் ஆரா பார்சேகியன், இம்முறை ‘கண்ணாடி’ அமைப்போடு வந்தார். விஷ்போன் ஓட்டக்காரர்கள் நிற்கும் வடிவுக்கு நேரெதிரே தன் ஆட்களையும் அதே வடிவில் நிறுத்தி, ஒவ்வொரு ஓட்டக்காரர் மீதும் ஒருவரை ஏவினார். குவார்ட்டர்பேக் எடி பிலிப்ஸ் என்னவோ நன்றாகத்தான் ஓடினார். ஆனால் டெக்சஸ் ஒன்பது முறை பந்தை நழுவவிட்டு ஐந்தைப் பறிகொடுத்தது. 24-11 எனத் தோற்றது.

அதே ஆண்டு நவம்பர் 25 அன்று, விஷ்போன் ஆடி அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரியாக 472.4 கெஜம் ஓடிய ஓக்லஹோமாவை நெப்ராஸ்கா எதிர்கொண்டது. நடுவில் நின்ற ரிச் குளோவரும் சகாக்களும் நட்சத்திர ஓட்டக்காரர் கிரெக் புரூயிட்டை 53 கெஜத்தில் கட்டிப்போட்டார்கள். அதற்கு ஒரு விலை இருந்தது. பக்கவாட்டு வீச்சை அடைக்கக் கூட்டம் சேர்த்ததால், பந்தைப் பிடிக்க ஓடும் ஜான் ஹாரிசனைக் காக்கும் வேலை பின்வரிசையில் தனியொருவர் தலையில் விழுந்தது. எறியத் தெரியாத அணி என்று பேர் வாங்கியிருந்த ஓக்லஹோமா, அவருக்கு எறிந்தே இரண்டு டச்டவுன் எடுத்தது. நெப்ராஸ்கா 35-31 என்று தப்பித்தது. ஓட்டத்தை முழுக்க அடைத்தால் வானம் திறந்துவிடும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

அடுத்த பெரிய விடை வேகத்திலிருந்து வந்தது. ஜிம்மி ஜான்சன் 1970களின் தொடக்கத்தில் ஓக்லஹோமாவின் தடுப்புப் பயிற்சியாளர்களில் ஒருவர். பயிற்சியில் தினமும் விஷ்போனுக்கு எதிரே நின்றவர். பிறகு ஓக்லஹோமா ஸ்டேட் தலைமைப் பயிற்சியாளராக அந்த ஓக்லஹோமாவிடமே ஐந்து ஆண்டும் தோற்றார். 1984இல் மயாமிக்கு வந்ததும் பின்வரிசையில் நிற்கும் சேஃப்டிகளை லைன்பேக்கர்களாகவும், லைன்பேக்கர்களை முன்வரிசை ஓர ஆட்டக்காரர்களாகவும் மாற்றினார். எடை போனது, கால் வந்தது. வெளிப்பக்கம் போகும் பந்தை விரட்டிப் பிடிக்க ஆட்கள் இருந்தால், மறிக்காமல் விட்ட ஆளின் தவறு அவ்வளவு வலிக்காது. 1985 முதல் 1987 வரையிலான மூன்று பருவங்களில் ஓக்லஹோமா மூன்று முறைதான் தோற்றது, மூன்றும் மயாமியிடம்.

இதற்கிடையே நுட்பங்களும் கூர்மையாகின. அடிப்படைப் பாடம் ஒன்றுதான்: ஒருவர் ஃபுல்பேக்கை, ஒருவர் குவார்ட்டர்பேக்கை, ஒருவர் ஹாஃப்பேக்கைப் பிடிக்க வேண்டும், பந்து எவரிடம் இருந்தாலும். இதைப் பழக்கப் பந்தே இல்லாமல் பயிற்சி நடத்துவதுண்டு. பந்து இல்லாதபோது அதைத் தேடிப் பார்வை அலையாது. இதே வேலைப் பங்கீட்டைத் தொடர்ந்து செய்தால் குவார்ட்டர்பேக் கணித்துவிடுவார் என்பதால் வேடமும் தேவைப்பட்டது. ஓர ஆள் ஃபுல்பேக் மீது பாய்வார். பந்தை உருவிக்கொண்டு வெளியே திரும்பும் குவார்ட்டர்பேக்குக்கு எதிரே, பின்னாலிருந்து சுற்றிவந்த லைன்பேக்கர் நிற்பார். வெளியில் நிற்பவரோ பாயவும் மாட்டார், விலகவும் மாட்டார். தோளை நேராக வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்கி, உதவி வந்துசேரும்வரை நேரத்தைக் கரைப்பார். முழங்காலுக்குக் கீழே விழுந்து மறிப்பவர்களைச் சமாளிக்க, பயிற்சியில் பெரிய ரப்பர் உருளைகளைக் கால்நோக்கி உருட்டிவிட்டு, கையால் அமுக்கித் தள்ளிக் காலை விடுவித்துக்கொள்ளப் பழக்குவார்கள்.

2008இல் ஜார்ஜியா டெக்குக்கு வந்த பால் ஜான்சன், ஃபிளெக்ஸ்போன் என்ற வடிவில் இந்த ஆட்டத்தை மீண்டும் பெரிய அரங்குக்குக் கொண்டுவந்தார். தயாராக ஒரு வாரம் மட்டும் கிடைத்த அணிகள் திணறின. பருவ இறுதி ஆட்டத்துக்கு முன் பல வாரம் கிடைத்தால் கதை வேறு என்ற பேச்சும் எழுந்தது. 2008 பருவத்தின் முடிவில் எல்எஸ்யூ ஜார்ஜியா டெக்கை 38-3 என நொறுக்கியது. 2010 ஆரஞ்ச் பௌலில் அயோவா 155 கெஜத்துக்கு மேல் விடாமல் 24-14 என வென்றது. ஆனாலும் நேரம் மட்டும் போதாது. 2014இல் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கும் வாரக்கணக்கில் நேரம் இருந்தது. 49-34 எனத் தோற்றது. நாட்ர டேம் செய்தது புத்திசாலித்தனம்: ஆப்ஷனை ஆராயும் வேலையைப் பாப் எலியட் என்ற மூத்த பயிற்சியாளரிடம் ஒப்படைத்து, 2015இல் ஜார்ஜியா டெக்கை 30-22 என்று வென்றது.

கடைசி அடியைக் கொடுத்தது விதிப்புத்தகம். இடுப்புக்குக் கீழே மறிப்பதைக் காயங்களைக் காரணம் காட்டிப் படிப்படியாகச் சுருக்கி, 2022இல் முன்வரிசையின் நடுப்பகுதிக்கு வெளியே முழுவதும் தடை செய்தார்கள். ஓரத்தில் நிற்கும் தடுப்பாளருக்குக் காலைப் பற்றிய கவலை தீர்ந்தது. ஆர்மி 2023இல், குவார்ட்டர்பேக் சற்றுப் பின்னால் தள்ளி நின்று பந்தை வாங்கும் ஷாட்கன் அமைப்புக்கு மாறிப் பார்த்தது. சரிப்படாமல், 2024இல் பழைய ஆட்டத்துக்கே திரும்பி ஒன்பது ஆட்டங்களை வரிசையாக வென்றது. பத்தாவது ஆட்டத்தில், நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில், நாட்ர டேமிடம் 49-14 எனத் தோற்றது. தன் லீகின் கோப்பையை அந்த ஆண்டு வென்றதும் ஆர்மிதான்.