நியமன உறுப்பினரின் அதிகார எல்லை: மு. திருச்செல்வத்தின் அமைச்சுப் பணி (1965–1968)

முன்னுரை

இலங்கைத் தமிழரசுக் கட்சியின் வரலாறு பெரும்பாலும் தேர்தல் வெற்றிகளையும் அறப்போராட்டங்களையும் மையமாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. தேர்தலில் வெல்லாமலே அமைச்சரவையில் அக்கட்சியின் குரலாக விளங்கிய வழக்கறிஞர் மு. திருச்செல்வத்தின் பணி போதிய கவனம் பெறவில்லை. நியமனப் பதவி அவருக்கு அளித்த வாய்ப்பையும் விதித்த வரம்பையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆலோசகரும் உடன்படிக்கையும்

அரச சட்டத் துறையில் உயர் பதவி வகித்த திருச்செல்வம், பின்னர் சா. ஜே. வே. செல்வநாயகத்தின் சட்ட ஆலோசகரானார். 1965 மார்ச்சுத் தேர்தலில் எக்கட்சிக்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. ஐக்கிய தேசியக் கட்சி 66 இடங்களையும் தமிழரசுக் கட்சி 14 இடங்களையும் பெற்றன. மார்ச்சு 24இல் டட்லி–செல்வநாயகம் உடன்படிக்கை கைச்சாத்தானபோது செல்வநாயகத்துடன் இருந்தவர்களுள் திருச்செல்வமும் ஒருவர். தமிழ்மொழிப் பயன்பாடு, மாவட்ட சபைகள், குடியேற்றத் திட்டங்களில் காணிப் பங்கீடு ஆகியவை அதன் முதன்மைக் கூறுகள்.

செனட் வழி அமைச்சுப் பதவி

தமிழரசுக் கட்சி அரசை ஆதரித்தபோதும், அதன் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் எவரும் அமைச்சராகவில்லை. சோல்பரி அரசியலமைப்பின்கீழ் செனட் சபையின் 30 உறுப்பினர்களுள் 15 பேர் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதியால் நியமிக்கப்பட்டனர். அமைச்சர்களுள் குறைந்தது இருவர் செனட்டர்களாக இருத்தல் வேண்டும் என்பதும் விதி. இவ்வழியில் செனட்டரான திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். மாவட்ட சபைகளை உருவாக்கும் பொறுப்பு இவ்வமைச்சையே சார்ந்திருந்ததால் இத்துறைத் தேர்வு பொருள் பொதிந்தது. எனினும் கட்சியின் வேட்பாளராக மக்களிடம் வாக்குக் கேளாத அவரது பதவி, பிரதமரின் நல்லெண்ணத்தையும் கட்சித் தலைமையின் நம்பிக்கையையும் ஒருங்கே சார்ந்திருந்தது.

இரு முறிவுகள்

1968இல் மாவட்ட சபைகள் குறித்த வெள்ளை அறிக்கை வெளியிடப்பட்டது. சபைகள் மத்திய அரசின் கட்டுப்பாட்டிலேயே இயங்கும் என அது கூறியபோதும், எதிர்க்கட்சிகளும் ஆளுங்கட்சியின் ஒரு பிரிவினரும் எதிர்த்தமையால் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் திருக்கோணேச்சரச் சூழலைப் புனித பிரதேசமாக்குவது குறித்து ஆராயத் திருச்செல்வம் குழுவொன்றை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவரின் எதிர்ப்பைத் தொடர்ந்து பிரதமர் அக்குழுவின் பணியை நிறுத்தினார். திருச்செல்வம் பதவி விலகினார். கட்சியும் அரசிலிருந்து வெளியேறியது.

முதல் முறிவு கொள்கை சார்ந்தது. இரண்டாவது, அமைச்சரின் அன்றாட அதிகாரம் சார்ந்தது. பெருந்திட்டம் தோற்றபோது கட்சியால் பொறுத்திருக்க முடிந்தது. ஓர் ஆய்வுக் குழுவை அமைக்கும் உரிமைகூடத் தம் அமைச்சருக்கு இல்லை என்று புலப்பட்டபின் அப்பொறுமைக்கு இடமில்லாது போயிற்று.

முடிவுரை

செனட் சபை 1971இல் ஒழிக்கப்பட்டது. 1976இல் அ. அமிர்தலிங்கம் முதலியோருக்கு எதிரான வழக்கில் 1972ஆம் ஆண்டு அரசியலமைப்பின் செல்லுபடித் தன்மையை எதிர்த்து வாதிட்ட திருச்செல்வம், அவ்வாண்டிலேயே மறைந்தார். அவர் மகன் நீலன் திருச்செல்வமும் சட்ட ஆலோசகராக இருந்து, 1983இல் நியமனத்தாலும் 1994இல் தேசியப் பட்டியல் வழியாகவும் நாடாளுமன்றம் சென்று, அதிகாரப் பகிர்வு வரைவில் ஈடுபட்டார். 1999 சூலை 29இல் கொழும்பில் கொல்லப்பட்டார். நியமனம் சட்ட அறிஞரைப் பேச்சு மேசையிலிருந்து அவைக்குக் கொண்டுவந்தது. பேசி முடித்ததை நிறைவேற்றும் வலிமையை அதனால் அளிக்க இயலவில்லை என்பதே திருச்செல்வத்தின் மூன்றாண்டுப் பணி உணர்த்தும் முடிவாகும்.