புகைக்குழாயும் எரிபொருட் கலவையும்

மோட்டார்ச் சைக்கிளின் புகைக்குழாய் எரிந்த வாயு வெளியேறும் வெறும் வழியென்றே நெடுங்காலம் பலராலுங் கருதப்பட்டது. வாயுவின் ஓட்டத்தைக் குழாய் தடுத்தலால் எஞ்சினை நோக்கி எழும் அமுக்கம் பின்னமுக்கம் எனப்படும். அது முற்றாக நீங்கின் வலு பெருகும் என்பர் ஒரு சாரார். சிறிதேனும் அது வேண்டும் என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றுக்களின் குறையையும் தெளிவாக்கியது கிழக்கு ஜேர்மனியில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியாகும்.

இரண்டடிப்பு எஞ்சினில் எரிந்த வாயு வெளியேறும்போதே புதிய கலவையும் உட்புகுகின்றது. ஆதலின், அக்கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகைக்குழாய் வழியே வீணாகும். எரிந்த வாயு விடுபடுங்கால் எழும் அமுக்கவலை, விரிந்து செல்லும் குழாயில் உறிஞ்சும் அலையாகத் திரும்பி, எஞ்சிய வாயுவை ஈர்க்கும். குழாய் பின்னர் ஒடுங்குமாயின், அவ்வொடுக்கத்திற் பட்ட அலை அமுக்கமாகவே மீண்டு, வழுவிய கலவையை உருளைக்குள் திருப்பித் தள்ளும். முசலம் வாயிலை மூடுதற்கு முன் அவ்வலை வந்தடைதல் வேண்டும்.

1950களின் தொடக்கத்தில் டி.கே.டபிள்யூ. பந்தய வண்டிகளிலே எரிக் வொல்வ் என்பார் இத்தகைய விரிகுழாயைப் பயன்படுத்தினார். சோப்பாவ் நகரிலிருந்த எம்.இசட். தொழிற்சாலையின் பந்தயப் பிரிவுத் தலைவர் வால்டர் காடன் அதனை முறையாக ஆராய்ந்தார். அலைவுகாட்டியின் துணைகொண்டு குழாயினுள் நிகழும் பரிவை அளந்து, அதற்கேற்பக் குழாயின் நீளத்தையும் கூம்புகளையும் வகுத்தார். 1961இல் அவருடைய 125 கனசென்ரிமீற்றர் எஞ்சின் 25 குதிரைவலுவை எய்தியது. இஃது இலீற்றருக்கு 200 குதிரைவலுவாகும். மிகையூட்டியின்றி இவ்வளவை எட்டிய முதல் எஞ்சின் இதுவே.

அதே ஆண்டு செப்ரெம்பரில், சுவீடனில் நடந்த போட்டியின்போது, எம்.இசட். வீரர் ஏர்ண்ஸ்ட் டெக்னர் தம் நாட்டைத் துறந்தார். அவரோடு காடனின் நுட்பமும் யப்பானின் சுசுக்கி நிறுவனத்தை அடைந்தது. 1962இல் சுசுக்கி வண்டியிலேறி அவர் 50 கனசென்ரிமீற்றர்ப் பிரிவின் உலகப் பட்டத்தை வென்றார். இரண்டடிப்பு எஞ்சின் பெற்ற முதல் உலகப் பட்டம் அதுவாகும். நுட்பத்தை ஆக்கியவரின் தொழிற்சாலையோ உலகப் பட்டம் எதனையும் அதுவரை பெற்றிருக்கவில்லை.

எனினும், அலை ஏற்ற வேளையில் வந்தடைவது குறித்த சில வேகங்களில் மட்டுமே. பிற வேகங்களிற் கலவை வீணாகி வலு குன்றும். நான்கடிப்பு எஞ்சினிலும் குழாய் மாறின் உட்செல்லும் வளியின் அளவும் அலைகளின் வேளையும் மாறும். காபரேற்றரின் எரிபொருட்டுளையோ பழைய குழாய்க்கே அளவிடப்பட்டது. ஆகவே தடை குறைந்த குழாயைப் பூட்டியவிடத்துக் கலவையிற் பெற்றோல் குறைதல் பெரும்பான்மை. எஞ்சின் மிக வெப்பமுறும். வேகத்தைத் தணிக்கும்போது குழாயில் வெடியோசை எழும். பெரிய துளையை இட்டுக் கலவையைச் சீர்செய்தல் வேண்டும்.

குழாயை வெட்டி ஓசையைப் பெருக்கினால் வலுவும் பெருகும் என எண்ணுவோர் இன்றும் உளர். காடன் கூட்டியது ஓசையை அன்று. அலையின் காலத்தைக் கணித்துக் குழாயை அமைத்தமையாலேயே அவர் வலுவைப் பெற்றார். குழாயை மாற்றுவோர் கலவையையும் உடன் நோக்குதல் வேண்டுமென்பதே இவ்வரலாற்றாற் பெறப்படும் உண்மை.