கனநீரும் கதாநாயகரும்

1965ஆம் ஆண்டில் அந்தனி மான் நெறிப்படுத்தி வெளியிட்ட 'தெலமார்க் வீரர்கள்' என்னும் ஆங்கிலப் படத்தைக் கண்டோர் அதன் இறுதிக் காட்சியை எளிதில் மறவார். நாஜிகளின் இரகசிய ஆயுதத்துக்கான கனநீரை ஏற்றிச்செல்லும் கப்பலில் நோர்வே வீரர்கள் வெடிகுண்டு வைத்துவிடுகின்றனர். அதில் குழந்தைகளும் பயணஞ் செய்வதறிந்த கதாநாயகர் தாமே ஏறிச்சென்று அவர்களைக் காக்கிறார். கேர்க் டக்ளஸின் துணிவை மெச்சியவாறு நாமும் நிம்மதியுடன் எழுந்து வருகிறோம். ஆயின், வரலாறு நமக்கு அந்நிம்மதியை அளிக்கவில்லை.

1940 ஏப்ரலில் ஜேர்மன் படைகள் நோர்வேயினுட் புகுந்தன. றியூக்கான் நகரை அடுத்த வேமோர்க்கில், உரத்தொழிலுக்கு வேண்டிய ஐதரசனை மின்பகுப்பு முறையாற் பெறும் ஆலையொன்று இருந்தது. அங்கே உபவிளைவாகக் கிடைத்ததே கனநீர். அணுவுலையில் நியூத்திரன்களின் வேகத்தைத் தணிக்க அதனைப் பயன்படுத்த ஜேர்மன் விஞ்ஞானிகள் முனைந்தனர்.

1942 நவம்பரிற் பிரித்தானியர் அனுப்பிய இரு மிதவை விமானங்களும் விபத்துக்குள்ளாயின. உயிர்தப்பிய வீரர்களையும் ஜேர்மனியர் கொன்றனர். பின்னர், 1943 பெப்ரவரி 27ஆம் திகதி இரவு, இருபத்துமூன்று வயதினரான யோக்கிம் ரொன்னபேர்க்கின் தலைமையில் நோர்வே இளைஞர் ஒன்பதின்மர் பனி மூடிய பள்ளத்தாக்கைக் கடந்து ஆலையை அடைந்தனர். உள்ளே காவலிருந்த தொழிலாளி தமது மூக்குக்கண்ணாடியைக் காணாது தவித்தபோது, வெடிகுண்டுக்குத் தீவைக்க நின்ற கைகளே அதைத் தேடிக் கொடுத்தன. ஒரு துப்பாக்கிச் சூடுமின்றிக் கனநீர்க் கலங்கள் தகர்க்கப்பட்டன. தம் மக்கள்மீது அவர்களுக்கிருந்த பரிவுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆலை மீண்டும் இயங்கியது. 1943 நவம்பரில் அமெரிக்க விமானங்கள் குண்டு பொழிந்தன. இருபதுக்கு மேற்பட்ட நோர்வே மக்கள் மாண்டனர். எஞ்சிய கனநீரை ஜேர்மனிக்குக் கொண்டுசெல்ல நாஜிகள் முடிவு செய்தனர். அது தின் ஏரியை 'ஹைட்ரோ' என்னும் பயணிகள் கப்பலிற் கடக்க வேண்டியிருந்தது.

கப்பலை மூழ்கடித்தால் அயலவர் மடிவர், பழிவாங்கலும் தொடரும். இப்பலனுக்கு அவ்விலை தகுமா என உள்ளூர்ப் போராளிகள் லண்டனிடம் வினவினர். தகும் என்றே விடை வந்தது. ஆலையின் பொறியியலாளர் சிலர், பயணிகள் குறைந்த ஞாயிற்றுக்கிழமையிற் கனநீர் செல்லுமாறு ஒழுங்கு செய்தனர். அவர்களால் இயன்றது அவ்வளவே. குண்டு வைத்த கினுட் ஹௌகெலிட், தமக்கு உதவிய கப்பற் காவலாளியின் கையைப் பற்றி விடைபெற்றார்; எச்சரிக்க மட்டும் அவரால் இயலவில்லை. 1944 பெப்ரவரி 20இற் கப்பல் மூழ்கியது. பதினெண்மர் மாண்டனர், அவருட் பதினால்வர் நோர்வே நாட்டவர். காப்பாற்றக் கதாநாயகர் எவரும் வரவில்லை.

ஜேர்மனியர் அணுக்குண்டுக்கு அண்மையிலும் இருக்கவில்லை என்பது போரின் பின்னரே தெளிவாயிற்று. அதனைச் செய்து முடித்து, 1945 ஓகஸ்டில் ஹிரோஷிமாமீதும் நாகசாகிமீதும் வீசியது அமெரிக்காவே. அதனால் அப்போராளிகளின் செயல் வீணென்று கூறுவது பொருந்தாது. பாசிசத்தின் கையில் அவ்வாயுதம் சேர்ந்துவிடலாம் என்று அஞ்ச அன்று தக்க காரணம் இருந்தது. அறிந்ததைக் கொண்டே அவர்கள் முடிவெடுத்தனர்.

1948இல் நோர்வேயரும் பிரெஞ்சுக்காரரும் கூட்டாக எடுத்த படமொன்றில், அப்போராளிகள் சிலர் தம் பாத்திரங்களைத் தாமே ஏற்று நடித்தனர். அதில் நட்சத்திரப் பொலிவு இல்லை. களைப்பும் குளிரும் கூட்டுழைப்பும் உண்டு. தனிமனித சாகசத்தை விற்கும் வணிகத் திரையோ, அந்தப் பதினெண்மரின் மரணத்தின் பாரத்தை நம் நெஞ்சிலிருந்து இறக்கிவிடுகிறது. போரை மாணவர்க்குக் கற்பிக்கும் நாம் அப்பாரத்தை இறக்கிவிடலாகாது. விடுதலைக்குப் பொதுமக்கள் கொடுத்த விலையை மறைக்கும் கலை, விடுதலையையே மலிவாக்கிவிடும்.