பட்டியல் சொன்ன கதை – 9: பீட்டில்ஸை மறித்த ‘ரிலீஸ் மீ’

1967 மார்ச்சில் பிரிட்டனின் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் பீட்டில்ஸ் இரண்டாம் இடத்தில் நின்றது. 1963 முதல் 11 சிங்கிள்களை வரிசையாக முதலிடத்துக்குக் கொண்டுபோன குழு அது. இந்த முறை ‘பென்னி லேன்’, ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்’ என்ற இரண்டு அருமையான பாட்டுகளை ஒரே தட்டின் இரு பக்கங்களில் கொடுத்திருந்தது. வழியை மறித்தவர் 1936-ல் மதராஸில் பிறந்த ஆர்னால்டு ஜார்ஜ் டோர்ஸி. எங்கல்பெர்ட் ஹம்பர்டிங்க் என்ற மேடைப்பெயரில் அவர் பாடிய ‘ரிலீஸ் மீ’, 6 வாரம் முதலிடத்தை விடவில்லை. ரசனை கெட்ட மக்கள் ஒரு பெரும்படைப்பைத் தள்ளிவிட்டார்கள் என்றே இதை எழுதி வருகிறார்கள். அது அநியாயம் என்பது என் கட்சி.

முதலில் அந்தத் தட்டு உருவான விதத்தைப் பார்ப்போம். 1966 நவம்பர் 24 அன்று லண்டன் அபே ரோடு ஸ்டூடியோவில் ‘ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ்’ வேலை தொடங்கியது. மெல்லிய முதல் வடிவம் ஒன்று, டிரம்பெட்டும் செல்லோவும் முழங்கும் இன்னொன்று. ஜான் லெனனுக்கு இரண்டுமே பிடித்திருந்தன, ஒட்டிக்கொடுங்கள் என்றார். இரண்டின் வேகமும் வேறு, சுருதியும் வேறு. நல்ல வேளையாக, வேகமானதே சுருதியிலும் உயர்ந்திருந்தது. டேப் ஓட்டத்தைக் குறைத்தால் வேகமும் சுருதியும் சேர்ந்தே இறங்கும் அல்லவா? தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக்கும் இரண்டையும் அப்படிச் சமப்படுத்தி, பாட்டின் முதல் நிமிட முடிவில் இணைத்தார்கள். இவ்வளவும் அடுத்த எல்.பி.க்கான வேலை. சிங்கிள் உடனே வேண்டும் என்ற நெருக்கடியில்தான் இரண்டு பாட்டுகளையும் மார்ட்டின் கொடுத்துவிட்டார். பின்னாளில் அதற்காக மிகவும் வருந்தினார்.

இரு பக்கமும் முதன்மைப் பாட்டுகளானதால் விற்பனை இரண்டாகப் பிரிந்து எண்ணப்பட்டது, அதனால்தான் தோற்றது என்று ரசிகர்கள் வாதாடுவதுண்டு. அமெரிக்காவில் ‘பில்போர்டு’ இரண்டையும் தனித்தனியாகவே வரிசைப்படுத்தியது. அங்கே ‘பென்னி லேன்’ முதலிடம், மற்றது எட்டாமிடம். பிரிட்டனின் அதிகாரபூர்வப் பதிவிலோ இரண்டும் ஒரே வரியில்தான் இருக்கின்றன. ஒரு தட்டை வாங்கியவரை இரண்டாகக் கிழிக்க வழியில்லை. ‘ரிலீஸ் மீ’ அந்நாட்டில் மட்டும் 10 லட்சத்துக்கு மேல் விற்றது, தொடர்ந்து 56 வாரம் பட்டியலில் இருந்தது. பீட்டில்ஸ் தட்டு இருந்ததோ 11 வாரம். வந்த வேகத்தில் வாங்கும் இளைஞர் கூட்டம் மட்டும் ஒரு பாட்டை 56 வாரம் தூக்கி நிறுத்த முடியாது. தட்டுக்கடைக்கு அடிக்கடி போகாத பெரியவர்களும் அதை வாங்கியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். அவர்கள் காசும் காசுதான். ஒருவர் ரசனையை ஏளனம் செய்து இன்னொருவர் கலையை உயர்த்த வேண்டியதில்லை.

அப்படியானால் மக்கள் தீர்ப்பே ஹம்பர்டிங்க் பக்கம்தானே என்று கேட்கலாம். அதுவும் இல்லை. அதே நாட்களில் ‘மெலடி மேக்கர்’ இதழின் பட்டியலில் பீட்டில்ஸ் தட்டு 3 வாரம் முதலிடத்தில் இருந்தது! இன்று நாம் மேற்கோள் காட்டும் இரண்டாமிடம், ‘ரெக்கார்டு ரீடெய்லர்’ என்ற வணிக இதழ் கணித்தது. 1960-ல் அந்தப் பட்டியல் தொடங்கியபோது விசாரித்தது சுமார் 30 கடைகளைத்தான். அறுபதுகளுக்கான அதிகாரபூர்வக் கணக்கு என்ற தகுதி அதற்குப் பிற்பாடு வழங்கப்பட்டது. பி.பி.சி.யும் அந்த இதழும் சேர்ந்து ஒரு சந்தை ஆய்வு நிறுவனத்திடம் பொதுவான பட்டியலை ஒப்படைத்தது 1969 பிப்ரவரியில்தான்.