அப்பாவின் டாலிக் கொப்பி

என்னிடம் ரோபோ பழக வரும் பிள்ளைகள் முதல்நாள் ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுவர வேண்டும். ரோபோ ஒருதரம் சரியாக ஓடி முடித்தால் ஒரு கோடு. நாலு கோட்டை நிமிர்த்திக் கீறி, ஐந்தாவதை அவற்றின்மேல் குறுக்கே இழுக்க வேண்டும். இந்தக் கணக்கை எனக்குக் காட்டித் தந்தவர் அப்பா. கொழும்புத் துறைமுகத்தில், ஏறியிறங்கும் சரக்கை எண்ணிப் பதியும் டாலிக் கிளாக்கராக இருந்தவர். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலிருந்து கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைத் தாண்டி நடந்தே வேலைக்குப் போய்வந்தவர்.

அந்தத் துறைமுகம் இன்றைய வடிவத்துக்கு வர நெடுங்காலம் பிடித்தது. 1875இல் வேல்ஸ் இளவரசர் அலைதடுப்பு அணைக்கு அடிக்கல் வைத்தார். அணை எழுந்து உள்ளே தண்ணீர் அடங்கிய பிறகும் கப்பல்கள் பெரும்பாலும் நடுவில் கட்டி நின்றன. மூட்டைகள் பார்ஜ்களில் கரைக்கு வந்தன. கப்பல் கரையை ஒட்டி நின்று சரக்கிறக்கும் எலிசபெத் மகாராணி இறங்குதுறை வந்தது 1954இல்தான். 1958இல் தனியார் கொம்பனிகளின் ஏற்றியிறக்கும் வேலையை அரசு எடுத்து, துறைமுகச் சரக்குக் கூட்டுத்தாபனத்திடம் கொடுத்தது. 1967இல் டாலிக்கும் காவலுக்கும் என்றே தனிக் கூட்டுத்தாபனம் ஒன்று உருவானது. எண்ணுகிற வேலையின் பெறுமதியை அது ஒன்றே சொல்லும். 1979இல் எல்லாம் துறைமுக அதிகாரசபைக்குள் அடங்கின.

கப்பலின் அடியறையில் ஆட்கள் வேர்வையில் நனைந்து மூட்டைகளைத் தூக்குக் கயிறான சிலிங்கில் அடுக்குவார்கள். வின்ச் தூக்கும். சிலிங் தரையைத் தொடும் அந்தச் சில நொடிக்குள் அப்பா எத்தனை மூட்டை, எந்த மார்க், கிழிசலா நனைவா என்று பார்த்துவிட வேண்டும். மார்க் என்பது சாக்கின்மேல் மையால் அச்சடித்த முதலாளியின் அடையாளம்: முக்கோணத்துக்குள் ஓர் எழுத்து, வட்டத்துக்குள் இரண்டு. ஒரே கப்பலில் பலருடைய அரிசி வரும். மார்க்கைப் பிழையாகப் பார்த்தால் ஒருவரின் அரிசி இன்னொருவரின் கிட்டங்கிக்குப் போய்விடும். கப்பல் பக்கம் ஒரு கிளாக்கர், கரைப் பக்கம் ஒரு கிளாக்கர். இரண்டு கொப்பியும் ஒத்துவராத நாளில் அப்பா வீட்டுக்கு வர இரவு பத்து மணியாகிவிடும்.

இப்போது நான் இருப்பது வெள்ளவத்தையில், கடற்பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில். மாடியறையில் வகுப்பு. மேசையில் விரித்த வெள்ளை விரிப்பில் கறுப்புக் கோடு, நிறக் கட்டைகள், சதுரங்கள். பிள்ளைகள் பழகுவது போட்டிகளுக்காக. அவற்றில் ஒன்றான உலக ரோபோ ஒலிம்பியாட் 2004இல் சிங்கப்பூரில் தொடங்கியது. அதன் 2023 இறுதிப்போட்டி பனாமாவில் நடந்தது. உலகை இணைத்தல் என்பது தலைப்பு. ஃபர்ஸ்ட் லெகோ லீக் என்ற இன்னொரு போட்டி 2021–22 பருவம் முழுவதையும் சரக்குப் போக்குவரத்துக்கே ஒதுக்கியது. அதில் கப்பலிலிருந்து கொள்கலனை இறக்க வேண்டும். ஒரு பெட்டியை அரைகுறையாக நிரப்பினால் குறைந்த புள்ளி, முழுக்க நிரப்பினால் கூடிய புள்ளி. இங்கே மொறட்டுவைப் பல்கலைக்கழகமும் மாலபேயில் எஸ்.எல்.ஐ.ஐ.ரி.யும் நடத்தும் போட்டிகளில் பாடசாலைப் பிள்ளைகளும் இறங்குகிறார்கள்.

ஒலிம்பியாட் விதிகளை முதல்தரம் வாசித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஓடவிடுவதற்கு முன் எல்லா ரோபோக்களையும் ஒரு மேசையில் வாங்கி வைத்துவிடுவார்கள். அதற்குப் பிறகுதான் எந்தக் கட்டை எங்கே என்று குலுக்கல் போடுவார்கள். பிள்ளைகள் இனி ரோபோவில் எதையும் மாற்ற ஏலாது. இரண்டு நிமிடத்துக்குள் ரோபோ தானே நிறம் பார்த்து, தானே தீர்மானித்து, உரிய சதுரத்தில் கட்டையை நிறுத்த வேண்டும். போட்டியன்று காலையில் எவரும் எதிர்பாராத புதுவிதி ஒன்றும் வரலாம். கப்பலின் அறைமூடியைத் திறந்த பிறகுதான் எவன் மூட்டை மேலே, எவன் மூட்டை கீழே என்று தெரியும் என்பார் அப்பா. அதே வேலை. மார்க் இருந்த இடத்தில் நிறம் இருக்கிறது, அவ்வளவுதான்.

கறுப்புக் கோட்டுக்கும் முன்கதை உண்டு. 1950களில் அமெரிக்காவில் பரெட் எலெக்ட்ரோனிக்ஸ் என்ற நிறுவனம், தரையில் பதித்த கம்பியைப் பிடித்துப் போகும் ஆளில்லா வண்டிகளைச் செய்தது. 1993இல் ரொட்டர்டாம் துறைமுகம் கொள்கலன் சுமக்கும் ஓட்டுநரில்லா வண்டிகளை ஓடவிட்டது. ஆனால் பிள்ளைகளுக்கு நான் ஆசையோடு சொல்வது அதற்கும் முந்திய கதை. ரோபோ கோட்டைவிட்டு விலகும்போது சக்கர வேகத்தைத் திருத்த நாங்கள் எழுதும் பி.ஐ.டி. கணக்கு, கப்பலிலிருந்து வந்தது. நிக்கொலாஸ் மினோர்ஸ்கி என்ற பொறியியலாளர் அமெரிக்கக் கடற்படைக்காகச் சுக்கான் பிடிப்பவர்களை உற்றுப் பார்த்தார். நல்ல சுக்கானி இப்போது எவ்வளவு விலகியிருக்கிறது என்பதோடு நிற்பதில்லை. எவ்வளவு நேரமாக விலகிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்பதையும் கையில் உணர்கிறான். அந்தக் கைப்பழக்கத்தை மினோர்ஸ்கி 1922இல் சமன்பாடாக எழுதினார். ஆலைகளில் சூட்டையும் அழுத்தத்தையும் இன்றைக்கும் அந்தக் கணக்கே அடக்கி வைக்கிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளை மூன்று எண்களை மாற்றி மாற்றி ரோபோவின் ஆட்டத்தை நிறுத்தும்போது, பெயர் தெரியாத ஒரு மாலுமியின் கைதான் அங்கே வேலை செய்கிறது.

வெள்ளவத்தைக்கும் இப்படி ஒரு முன்கதை உண்டு. ஹெவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கும் காணியில் முன்பு வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்தது. 1933இல் அங்கே ஏறத்தாழ 1,400 தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். பெரும்பாலானோர் இந்தியாவிலிருந்து, அதிலும் கேரளத்திலிருந்து வந்தவர்கள். இடதுசாரித் தலைவர் கொல்வின் ஆர். டி சில்வா அந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்கினார். விசைத்தறியில் ஊடை நூல் அறுந்தால் தறியை நிறுத்தவென்று ஒரு கம்பி முள் உண்டு. எங்கள் ரோபோ சுவரில் முட்டியதும் நிற்கும் சுவிட்சைக் காட்டும்போது நான் அந்த முள்ளைச் சொல்வேன், அந்த ஆட்களையும் சொல்வேன். துறைமுகத்திலும் 1985இல் ஜய கொள்கலன் முனையம் வந்து மூட்டை தூக்கியவர்களின் வேலையைக் கொண்டுபோயிற்று. 2025 ஏப்ரலில் கொழும்பு மேற்கு முனையம் தானியங்கிப் பாரந்தூக்கிகளோடு திறந்தது. புள்ளி வாங்கும் பிள்ளைக்கு, அந்தப் புள்ளி ஒருகாலத்தில் யாருடைய நாட்கூலியாக இருந்தது என்று தெரிய வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

போட்டி வேலையைவிட இலகுவாக இருக்கிற இடம் ஒன்று உண்டு. மேடையில் ஒரே ஒரு ஓட்டம் நன்றாக அமைந்தால் கிண்ணம் கிடைக்கும். துறைமுகத்தில் ஆயிரமாவது சிலிங்கும் முதல் சிலிங்கைப் போலவே இறங்க வேண்டும். அதற்காகத்தான் அந்தக் கொப்பி. இருபது தரம் ஓட வேண்டும். இரண்டு பிள்ளைகள் தனித்தனியாக எண்ண வேண்டும். கொப்பிகள் ஒத்துவராவிட்டால் மீண்டும் இருபது.

போன மாதம் ஒரு பிள்ளை பதினேழு கோடு கீறியிருந்தாள். மற்றவளும் பதினேழு. பிழைத்த மூன்று ஓட்டங்களிலும் ரோபோ மஞ்சளை வெள்ளை என்று எடுத்திருந்தது. புரோகிராமை அரைமணி நேரம் கிண்டினார்கள். பிறகு நேரத்தைப் பார்த்தார்கள்: மூன்றும் ஐந்தரை மணிக்குப் பிறகு, கடல்பக்க யன்னலால் வெயில் மேசையில் விழுந்தபோது. அந்தி வெயிலில் மார்க் கண்ணுக்குப் பிடிபடாது என்று அப்பா சொல்வார். தொப்பியைக் கழற்றிச் சாக்குக்கு நிழல் பிடிப்பாராம். அவள் கறுப்புக் காட்போட் துண்டொன்றை வெட்டிச் சென்சரைச் சுற்றி ஒட்டினாள். அப்பாவின் டாலிக் கொப்பியில் இருந்ததுபோல் கொப்பியின் கடைசி நிரலில் ‘குறிப்பு’ என்று எழுதி, அதன்கீழ் ‘வெயில்’ என்று போட்டாள். பிறகு அடுத்த இருபதைத் தொடங்கினார்கள்.